உணவைக் கெடுப்பது எது?

(அரக்கோணத்தில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம், வீட்டில் உணவுப் பண்டங்களைக் கெடாமல் வைத்துக் கொள்வது எப்படி என்பதும், அதற்கு இப்போது வீட்டுக்கு வீடு வந்திருக்கும் குளிர்ப்பெட்டியையும் பிளாஸ்டிக் பைகளையும் அறிவோடு பயன்படுத்துவது எப்படி என்பதுமாகும். சுயமரியாதைக் கூட்டத்திற்கு வந்தவன் சாமியையும் சாதியையும் பற்றிப் பேசாமல் சட்டி பானையைப் பற்றிப் பேசுகிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சாமியும் சாதியும் கோவிலில் மாத்திரம் குடியிருக்குமானால் அப்படி நினைப்பது நியாயந்தான். ஆனால் அவை கோவிலில் இருப்பதைவிட நம் அடுப்பங்கரையில்தான் அதிகமாக இருக்கின்றன. யார் தொட்ட தண்ணீரைக் குடிக்கலாம், யார் சமைத்ததை உண்ணலாம், எந்தக் கிழமையில் எதைத் தின்னக் கூடாது, எந்த நாளில் எவள் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்பவைதானே நம் நாட்டில் சாதியும் மதமும் நாள்தோறும் செய்து வரும் வேலை?

இந்த அரக்கோணத்தார்க்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இது ரயில் ஊர். 1856ஆம் வருஷம் ஜூலை மாதம் 1ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா பக்கமாக ஓடிய தென்னாட்டின் முதல் ரயில் இவ்வழியாகத்தான் போயிற்று. ரயிலில் பல சாதியாரும் ஒரே பலகையில் நெருக்கி உட்கார்ந்துதான் வந்தார்கள். வண்டியில் ஒருவன் தோள் மற்றவன் தோளில் இடித்தது. அதனால் ஒருவனும் செத்துப் போகவில்லை. ஆனால் ஸ்டேஷனில் இறங்கிச் சாப்பிடப் போனால் பார்ப்பனருக்கு ஒரு இடம், மற்றவருக்கு ஒரு இடம். பலகையில் ஒட்டாத தீட்டு இலையில் மாத்திரம் எப்படி ஒட்டியது என்று கேட்ட பிறகுதான், நமது இயக்கத்தார் கிளர்ச்சி செய்த பிறகுதான், 1941இல் ரயில்வே சாப்பாட்டு விடுதிகளில் அந்த வித்தியாசம் எடுபட்டது. ஆகவே சோற்றைப் பற்றிப் பேசுவது நமக்குப் புதிய வேலை அல்ல.

சரி, உணவைக் கெடுப்பது எது? நம் பெரியவர்கள் இதற்குப் பல பதில்கள் வைத்திருக்கிறார்கள். கிரகணம் பிடித்தால் சோறு கெட்டுவிடும். அதன் மேல் ஒரு தர்ப்பைப் புல்லைப் போட்டால் கெடாது. வீட்டுக்குத் தூரமானவள் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும். கண்ணேறு பட்டால் பால் திரிந்துவிடும். கீழ்ச்சாதியான் பார்த்தால், நிழல் பட்டால், தொட்டால் எல்லாமே கெட்டுவிடும். இத்தனையும் சொன்ன நம் சாஸ்திரக்காரர்கள், சித்திரை வெய்யிலில் காலையில் வடித்த சோறு மூடியே வைத்திருந்தும், யாரும் தொடாமல் இருந்தும், சாயங்காலத்திற்குள் நூல் விட்டு நாறுகிறதே, அது எவன் நிழல் பட்டு என்று மாத்திரம் சொல்லவில்லை.

கிரகண விஷயத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். சந்திர கிரகணம் என்பது பூமியின் நிழல் சந்திரன் மேல் விழுவது. ராத்திரி என்பது என்ன? அதுவும் இதே பூமியின் நிழலில் நாம் இருப்பதுதான். நிழலால் உணவு விஷமாகும் என்பது உண்மையானால், நாம் தினந்தோறும் ராத்திரி சாப்பிடும் சோறெல்லாம் விஷமாக வேண்டும். கிரகணத்தன்று நம் தோழர்கள் பலர் கூடிச் சிற்றுண்டி உண்டு காட்டியிருக்கிறார்கள். யாருக்கும் வயிற்று வலி கூட வந்ததில்லை.

ஊறுகாய் விஷயமும் அப்படியே. கடையில் பாட்டிலில் வாங்கி வருகிறோமே, அந்த ஊறுகாயைப் போட்ட தொழிற்சாலையில் எத்தனை பெண்கள் வேலை செய்தார்கள், அவர்களுக்கு அன்று என்ன நாள் என்று விலைச் சீட்டில் எழுதியிருக்கிறதா? அது வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. வீட்டு ஊறுகாய் பூசணம் பூப்பதற்குக் காரணம் ஈரக் கரண்டி. அந்த ஈரக் கரண்டியைப் போட்டவன் பெரும்பாலும் வீட்டு எஜமானனாகவே இருப்பான். பழி மாத்திரம் பெண்ணின் தலையில்.

உண்மைக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டு 160 வருஷங்களுக்கு மேல் ஆகிறது. பிரான்சு தேசத்தில் லூயி பாஸ்டர் என்பவர் சுமார் 1860 வாக்கில், கழுத்து வளைந்த கண்ணாடிக் குடுவையில் சாறை ஊற்றிக் கொதிக்க வைத்தார். வளைந்த கழுத்தில் தூசி தங்கிவிட்டதால், காற்றுப் பட்டும் அது கெடவில்லை. கழுத்தை உடைத்ததும் சில நாளில் கெட்டுவிட்டது. தானாக ஒன்றும் கெடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வந்து விழுந்து பெருகுவதால்தான் கெடுகிறது என்று இதனால் ருசுவாயிற்று. இந்தக் கிருமிகளில் பல, வசதியான சூடும் ஈரமும் கிடைத்தால் 20 நிமிஷத்திற்கு ஒரு தடவை இரண்டு மடங்காகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஏழு மணி நேரத்தில் அந்த ஒன்று 20 லட்சத்தைத் தாண்டிவிடும். இதற்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

தோழர்களே! இந்த உண்மையைப் புத்தகம் படிக்காமலே கையால் அறிந்திருந்தவர்கள் யார் தெரியுமா? இங்கிருந்து மேற்கே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரையில் தோல் வேலை செய்து வந்த நம் மக்கள்தான். உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பிக்கும். அவர்கள் என்ன செய்தார்கள்? மந்திரம் சொல்லவில்லை. தோலின் சதைப் பக்கம் முழுவதும் உப்பை வாரித் தேய்த்தார்கள். உப்பு, தோலிலுள்ள நீரை இழுத்துவிடுகிறது. நீர் இல்லாத இடத்தில் கிருமி வாழ முடியாது. தோல் வாரக்கணக்கில் கெடாமல் ஊர் விட்டு ஊர் போகிறது. இதே அறிவைக் கொண்டுதான் அவர்கள் வீட்டுப் பெண்கள் கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெய்யிலில் காயவைத்து உப்புக்கண்டம் போட்டார்கள். கடற்கரையார் கருவாடு போட்டார்கள். அழுகலை நிறுத்தத் தெரிந்த இவர்களைத்தான் இந்தச் சமுதாயம் நாற்றக்காரர் என்று ஊருக்கு வெளியே வைத்தது. அவர்கள் தைத்த செருப்பை மாத்திரம் காலில் மாட்டிக் கொண்டது. அழுகலைப் புல்லால் நிறுத்தலாம் என்று சொன்னவன் உயர்ந்தவனாம். உப்பால் நிறுத்திக் காட்டியவன் தாழ்ந்தவனாம்! இதைவிட ஒரு தலைகீழ் நியாயம் உலகத்தில் உண்டா என்று கேட்கின்றேன்.

உப்பு நீரை எடுத்துவிடுகிறது; குளிர் கிருமியின் கையைக் கட்டிப் போடுகிறது. இதுதான் குளிர்ப்பெட்டியின் தத்துவம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையிலுள்ள சூடு கிருமிகளுக்குக் கல்யாணப் பந்தல். 5 டிகிரிக்குக் கீழே போனால் அவை மெல்லத்தான் பெருகும். பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரிக்குப் போனால் பெருகவே முடியாது. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். குளிர் கிருமியைக் கொல்லுவதில்லை, தூங்க வைக்கிறது. வெளியே எடுத்து வைத்தால் விழித்துக் கொண்டு பழைய வேலையைத் தொடங்கும். இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக் கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

இந்தக் குளிர் நம் நாட்டிற்கு வந்த கதையும் வேடிக்கையானது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் மாரிக்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி 1833இல் கல்கத்தாவிற்குக் கொண்டுவந்தார்கள். பிறகு சென்னைக்கும் வந்தது. அதை வைக்க 1842 வாக்கில் கடற்கரையோரம் கட்டிய கட்டடந்தான் ஐஸ் ஹவுஸ். அந்த வட்டாரத்திற்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. கடல் தாண்டினவன் சாதி கெட்டான் என்று சொல்லிக் கொண்டிருந்த அதே காலத்தில், பனிக்கட்டி ஏழு கடல் தாண்டி, எந்தெந்த மாலுமி கையிலோ ஏறி இறங்கி, ஒரு கெடுதலும் இல்லாமல் வந்து சேர்ந்தது! பண்டங்களை விரைவாக உறைய வைக்கும் முறை மாத்திரம் யாரிடமிருந்து வந்தது? கானடா நாட்டு லாப்ரடார் பனிப்பிரதேசத்தில் வாழும் இன்யூட் மக்கள், பிடித்த மீனைக் கடுங்காற்றில் நொடியில் உறைய வைத்து, மாதங்கள் கழித்தும் புதியதுபோல் உண்பதைக் கண்டு, கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் அதை இயந்திரத்தில் செய்யக் கற்றார். 1930இல் அவருடைய உறைந்த உணவுகள் அங்கே கடைக்கு வந்தன. பச்சை மீன் தின்பவர் என்று இளப்பமாகப் பேசப்பட்ட மக்களிடமிருந்து உலகம் கற்ற பாடம் இது.

இனி வீட்டுக் காரியத்திற்கு வருவோம். தாய்மார்களும், அவர்களைவிட முக்கியமாக ஆண்களும், கவனித்துக் கேட்க வேண்டுகிறேன்.

முதலாவது, விரைவாக உறைந்தால்தான் பண்டம் நன்றாயிருக்கும். மெதுவாக உறைந்தால் உள்ளே பனி பெரிய பெரிய ஊசிகளாக வளர்ந்து கறியையும் காயையும் கிழித்துவிடும். எடுத்துச் சமைத்தால் நீர் விட்டுச் சக்கையாகப் போகும். ஆகையால் ஒரு கிலோ கறியை உருண்டையாக ஒரே பையில் திணிக்காதீர்கள். ஒரு வேளைக்கு வேண்டியதை ஒரு பையில் போட்டு, புத்தகம்போல் தட்டையாகப் பரப்பி வையுங்கள். சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும், இடமும் மிஞ்சும்.

இரண்டாவது, பையிலுள்ள காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். காற்றுப் பட்டால் பண்டம் குளிரிலேயே காய்ந்து வெளுத்துத் தோல்போல் ஆகும். ஆனால் குழம்பு, ரசம், சாறு போன்றவற்றிற்கு மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும். நீர் உறையும்போது நூற்றுக்கு 9 பங்கு பெருக்கும். இடமில்லாவிட்டால் பை வெடிக்கும்.

மூன்றாவது, கொதிக்கக் கொதிக்கப் பையில் ஊற்றக் கூடாது. அதற்காக ராத்திரி முழுவதும் அடுப்பு மேல் ஆறட்டும் என்று விடவும் கூடாது. அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்திற்குள், நம் ஊர்க் கோடையானால் ஒரு மணி நேரத்திற்குள், உள்ளே வைத்துவிட வேண்டும். சோற்றுக்கு இது மிகவும் அவசியம். அரிசியிலுள்ள ஒரு வகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. சோறு வெளியே வெகு நேரம் கிடந்தால் அது முளைத்து விஷத்தைக் கக்கும். அந்த விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது.

நான்காவது, பட்டாணி, அவரை, பீன்ஸ் போன்ற காய்களைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த நீரில் இட்டு, ஈரம் போகத் துடைத்துப் பையிலிட்டால் நிறமும் சுவையும் மாறாது. துருவிய தேங்காய், அரைத்த இஞ்சி பூண்டு, கரைத்த புளி இவற்றையும் சிறு பொட்டலங்களாக வைக்கலாம்.

ஐந்தாவது, ஒவ்வொரு பையின் மேலும் என்ன பண்டம், எந்தத் தேதி என்று எழுதுங்கள். நல்ல நேரம் பார்ப்பதற்குக் காலண்டரைத் தினம் கிழிக்கிற நாம், கறி வைத்த தேதியை எழுதுவதில்லை. சமைத்ததை இரண்டு மூன்று மாதத்திற்குள் தீர்த்துவிடுங்கள். எல்லா வீட்டுப் பெட்டியும் 18 டிகிரி கீழே போவதில்லை. ஐஸ்கிரீம் கல்லாக நிற்காமல் குழைந்திருக்கும் பெட்டியானால் வாரக்கணக்கோடு நிறுத்திக் கொள்ளுங்கள். வெளியே எடுத்ததைத் திண்ணையில் வைத்து இளக்காமல், முதல் நாள் ராத்திரியே கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். இளகின பச்சைக் கறியை மறுபடியும் உறைய வைக்காதீர்கள். பச்சைக் கறியும் மீனும் எப்போதும் கீழே, சமைத்தது மேலே. சாறு சொட்டினால் கெடுதல். இது ஒன்றுதான் குளிர்ப்பெட்டியில் உண்மையான மேல் கீழ்! கரண்ட் போய்விட்டால் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். திறக்காமலிருந்தால் நிறைந்த பிரீசர் சுமார் இரண்டு நாள் தாங்கும். பாதி நிறைந்தது ஒரு நாள். கீழ்த்தட்டு நாலு மணி நேரந்தான்.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? ஆயுத பூஜையன்று குளிர்ப்பெட்டிக்குச் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து மாலை போடுகிறார்கள். அதன் கதவு ரப்பரில் படிந்திருக்கும் கறுப்புப் பூசணத்தை வருஷம் முழுவதும் துடைப்பதில்லை. ஒரு வீட்டில் பார்த்தேன். மருமகள் வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய ஆட்டுக்கறியில் மீந்ததைப் பையிலிட்டு வைக்க மாமியார் விடவில்லை. சாமிக்குப் படைக்கும் பாலும் பூவும் அதே பெட்டியில் இருக்கிறதாம். கறி வெளியிலேயே கிடந்தது. காலையில் குப்பைக்குப் போயிற்று. கறி வயிற்றுக்குள் போகும்போது சாமிக்கு ஆட்சேபணை இல்லை. பெட்டிக்குள் போனால்தான் ஆட்சேபணை! எல்லா இடத்திலும் இருப்பவர் என்று சொல்லப்படும் சாமி, ஒரு பிளாஸ்டிக் பைக்கு அந்தப் பக்கம் இருக்க முடியாதா?

இதில் பெரிய நஷ்டம் கறி அல்ல, பெண்ணின் காலம். 2019இல் இந்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்குப்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது 299 நிமிஷம். ஆண் செலவிடுவது 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலை செய்யும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களோ 81 பேர். ஐந்து மணி நேரம், தோழர்களே, தினந்தோறும்! மூன்று வேளையும் சுடச்சுட வேண்டும், பழையது ஆகாது என்று சட்டம் போட்டவன் அடுப்பண்டை நிற்பவன் அல்ல. வயலில் உழைத்தவனுக்குப் பழையதைத் திண்ணைக்குக் கீழே ஊற்றிவிட்டு, பழையது கீழ்ச்சாதி உணவு என்றான். இன்றைக்கு அவன் வீட்டிலேயே ஒரு வாரத்து இட்லி மாவு குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. அது பழையது இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து, காய் நறுக்கி, மசாலை அரைத்து, குழம்பு வைத்துப் பைகளில் பிரித்து வைத்தால், வாரத்தில் மூன்று நாலு சாயங்காலம் அந்தப் பெண் அடுப்பை விட்டு இப்படி ஒரு கூட்டத்திற்கோ, ஒரு வாசகசாலைக்கோ போகலாமல்லவா? பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929இல் நம் முதல் மாகாண மகாநாடு தீர்மானித்தது இங்கிருந்து ரயிலேறினால் காஞ்சிபுரம் வழியாகப் போய்ச் சேரும் செங்கல்பட்டில்தான். சொத்துரிமை கையில் வந்தும், வெளியே வர நேரமில்லாத பெண்ணுக்கு அந்த உரிமையால் என்ன பிரயோஜனம்?

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நம்மில் சிலர், தாம் உண்ணத் தயங்கும் நாள்பட்ட பண்டத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்குத் தர்மம் செய்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு ஆகாதது அவள் பிள்ளைக்கு மாத்திரம் எப்படி ஆகும்? கிருமி சாதி பார்ப்பதில்லை. பழைய திண்ணைச் சோற்றைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துப் புதுப்பிக்காதீர்கள். கொடுப்பதானால் சமைத்த அன்றே கொடுங்கள்.

கடைசியாக, பையைப் பற்றி. உணவுக்கென்று செய்யப்படும் இந்தப் பை பாலிதீன் என்ற பொருளாலானது. 1933இல் இங்கிலாந்தில் வேறொன்றைத் தேடிய இரசாயன அறிஞர்கள் தற்செயலாகக் கண்டது. குளிரில் உடையாது, ஈரம் விடாது என்பது அதன் குணம். ஆனால் கறிக்கடையில் தரும் கறுப்புப் பை அது அல்ல. பழைய பிளாஸ்டிக் குப்பையை உருக்கிச் செய்ததை உணவில் படவிடக் கூடாது. கறியை வாங்கத் தூக்குப் பாத்திரம் கொண்டு போங்கள். நல்ல பையையும் ஒரு நாளில் எறியாதீர்கள். காயும் தேங்காயும் வைத்த பையைச் சோப்பு நீரில் கழுவி, கவிழ்த்துக் காயவைத்துப் பல தடவை பயன்படுத்தலாம். பச்சைக் கறி, மீன் வைத்த பையை மாத்திரம் மறுபடி உணவுக்கு எடுக்கக் கூடாது. அதற்கு மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவே மேல். கழுவிக் கழுவி ஆயுள் முழுவதும் வரும்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் நம் பாலாறு. தோலைக் கெடாமல் காத்த அதே உப்பு, தொழிற்சாலைகளில் கழுவப்பட்டு, மற்ற இரசாயனங்களோடு நிலத்தில் விடப்பட்டதால் இந்த ஜில்லாக்களின் கிணறுகள் கெட்டன. சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய், 1996 ஆகஸ்டு 28ந் தேதி, கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. ஒன்றைக் காப்பாற்றுவதற்கு எடுத்த பொருள், கழித்த பின் எங்கே போகிறது என்று கேட்காததன் பலன் அது. தமிழ்நாட்டரசு 2019 ஜனவரி 1 முதல் தூக்குப் பை முதலிய பல பிளாஸ்டிக் சாமான்களைத் தடுத்ததும், 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மறுபடி எடுக்கச் சொன்னதும் இதற்காகத்தான். விஞ்ஞானம் தந்ததை யோசனையில்லாமல் பயன்படுத்துவதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

ஆகவே தோழர்களே! உணவைக் கெடுப்பது கிரகணமல்ல, பெண்ணல்ல, சாதியல்ல. சூடும் ஈரமும் அழுக்கும் நம் சோம்பலுமே கெடுக்கின்றன. இதை நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். நாளைக்கே ஒரு கிண்ணம் சோற்றைத் தர்ப்பை போட்டு வெளியே வையுங்கள். இன்னொரு கிண்ணத்தை, வீட்டில் யார் தீட்டு என்று ஒதுக்கப்படுகிறாரோ அவர் கையாலேயே மூடிக் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் இரண்டையும் மோந்து பாருங்கள். உங்கள் மூக்கு எந்தச் சாஸ்திரத்திற்கும் பயப்படாமல் உண்மையைச் சொல்லிவிடும்.